எட்டாம் குழியின் புல்

1

இந்தக் கதை கூலிக்கு எழுதப் போன இடத்தில் பிறந்தது. கடலோர கோல்ஃப் கிளப் தன் வரலாற்றைப் புத்தகமாகப் போட ஆசைப்பட்டு என்னைக் கூப்பிட்டது. எழுதிக்கொடுத்தேன். கோப்பைகளும் தலைவர்களும் தப்பினார்கள். என் அக்கா வீடு வந்த பக்கத்தைச் செயலாளர் வெட்டிவிட்டார். வெட்டிய பக்கம் இது.

2

முதல் தொடக்கம்: "அலைகளின் தாலாட்டில் பசுமை கண்விழித்த..."

(தூ. அங்கே புல் வெட்டும் அத்தானுக்குக் குனிந்த இடுப்பு நிமிரவே இல்லை. யாரை எந்த அலை தாலாட்டியது?)

இரண்டாவது: கிளப்பின் வரலாறு கடலுக்குப் பயந்து பின்வாங்கிய வரலாறு. கரை அரிக்க அரிக்க, பந்து விழும் குழியை உள்ளே தள்ளித் தோண்டுவார்கள். குழியைச் சுற்றியுள்ள பட்டுப்புல்லை மட்டும் கடலுக்கு விடமாட்டார்கள். பாய்போல் சுருட்டி எடுத்து, புது இடம் முடிவாகும்வரை எங்காவது விரித்து உயிரோடு வைக்கவேண்டும். அத்தானின் வேலை அது.

இதுவே இருக்கட்டும்.

3

எட்டாம் குழி கடலுக்குப் போனபோது அதன் புல்லை அத்தான் தன் வீட்டு வாசலில் விரித்தார். கிளப் கொடுத்த வரிசை வீடு. வாசலிலேயே நல்ல தண்ணீர்க் குழாய். அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டுவதுபோல... (இல்லை. திட்டிக்கொண்டேதான் ஊற்றினாள்.)

"குடிக்கிற தண்ணியக் குடிச்சுக் கொழுக்குது பாரு, உங்க மூத்த சம்சாரம்."

"மூத்தவ உன்ன மாதிரி வாய் பேசமாட்டா."

புல் வேர்பிடித்தது. மைதானத்தில் எங்கும் இல்லாத பச்சை. பார்க்க வந்த செயலாளர் ஷூவைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்தார்.

"பிரமாதம்ப்பா. இத ஏன் பேர்க்கணும்? குழிய இங்கயே வெச்சுடலாம். இந்த வீட்டு வரிசைய எடுத்துட்டாப் போதும்."

அத்தான் கும்பிட்டார்.*

* பாராட்டுக்கு. மற்றது காதில் ஏறக் கொஞ்ச நேரம் பிடித்தது.

4

முடிவு ஒன்று: கிளப் மனமிரங்கி... (அதை அவர்கள் புத்தகத்தில் போட்டுக்கொள்ளட்டும்.)

முடிவு இரண்டு: வரிசையே திரண்டு... (திரண்டது. அத்தானைத்தான் ஏசியது. "உன்ன யாருய்யா இவ்ளோ நல்லா வளக்கச் சொன்னது?")

மறுநாள் அக்கா வாளியில் கடல்தண்ணீர் மொண்டுவந்தாள். புல் கருகினால் வீடு தப்பும் என்பது அவள் கணக்கு. அத்தான் புல்மேல் ஏறி நின்றுகொண்டார்.

"தள்ளுங்க."

"வேலையும் போயிடும்டி."

"அப்ப வீடு?"

"புல்லு என்னடி பண்ணுச்சு?"

அக்கா அவரைப் பார்த்த பார்வையை நாலுமுறை எழுதிக் கிழித்துவிட்டேன்.

ஊற்றினாளா? செயலாளரும் அதைத்தான் கேட்கிறார். அதனால் நான் எழுதமாட்டேன். அவள் கை கடுக்கிறது, வாளியைக் கொஞ்சம் நீங்கள் வாங்குங்கள். ஊற்றுவதும் கீழே வைப்பதும் உங்கள் பாடு. அத்தான் நகரமாட்டார். ஊற்றினால் முதலில் நனைவது அவர் கால்தான்.