இனிப்பு மிளகாய்ப் பாத்தி

வெந்நீர் போடுவதற்குப் பெண்கள் அடுப்படிக்குள் வருமுன் அந்தக் காகிதங்களையெல்லாம் பிய்த்துவிட வேண்டும் என்று மொன்சிஃப் அவசரப்பட்டார். பசை கெட்டியாகப் பிடித்திருந்தது. நகத்தால் சுரண்டச் சுரண்டச் சுண்ணாம்பும் சேர்ந்து உதிர்ந்தது. ‘கேஸை மூடு.’ ‘உப்பு ஒரு தடவைதான்.’ ‘வெள்ளிக்கிழமை வஃபாவுக்குப் போன் பண்ணு.’ எல்லாம் மனைவி ஹயாத்தின் உருண்டைக் கையெழுத்து.

“என்னப்பா இதெல்லாம்?”

மகள் வஃபா நிலைப்படியில் நின்றாள். அம்மா போன தகவல் கேட்டுக் காலையில் தூனிஸிலிருந்து வந்தவள் இன்னும் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

“ஒண்ணுமில்லம்மா. உங்கம்மா எழுதி ஒட்டி வெச்சிருந்தா. மறந்துடுமாம்.”

வஃபா ஒன்றை வாங்கிப் படித்தாள். உதடு கோணிக்கொண்டு வந்தது. “அம்மாவுக்கு மறதி வந்துச்சா? எனக்கு ஏம்ப்பா சொல்லல? ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டியிருப்பேன்ல?”

அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர் மிச்சக் காகிதங்களைக் கசக்கிக் கால்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

ஹயாத்துக்கு மறதியே கிடையாது. அது உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

போன வருஷம் அக்டோபரில், தான் பார்த்துக்கொண்ட பள்ளிக்கூடத் தோட்டத்துக்கான விதையை மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். நீல மீன் வரைந்த இரண்டு தட்டுகள். ஒன்றில் இனிப்பு மிளகாய் விதை, மற்றதில் ஹரிஸ்ஸா விழுதுக்கு இடிக்கிற உறைப்பு மிளகாய் விதை. மழை வந்தது. மொன்சிஃப் நல்ல பிள்ளையாக ஓடிப்போய் இரண்டையும் கீழே கொண்டுவந்தார். திரும்பி வந்தவள் எது இனிப்பு என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருஷம் தங்கள் ஊர் கொர்பாவுக்கும் தூனிஸுக்கும் பஸ் ஓட்டியவர், யாரிடமும் வழி கேட்டறியாதவர், ஜன்னல் பக்கத் தட்டைக் காட்டி “இதுதான்” என்றார். ஒரு விதையைக் கடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவளும் கடித்துப் பார்க்கவில்லை. புருஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். அந்த விஷயத்தில் அவள் செய்த ஒரே பிசகு அதுதான்.

வசந்தம் வந்ததும் நாற்பத்தொரு பிள்ளைகள் நட்டார்கள். ஆளுக்கொரு செடி, செடிக்கொரு பெயர். பிள்ளைகள் நட்டதைப் பிள்ளைகள்தான் முதலில் பறிக்க வேண்டும் என்பது ஹயாத் வைத்த சட்டம். கோடை விடுமுறை முழுவதும் தினம் நடந்துபோய்த் தண்ணீர் ஊற்றினாள். ஒரு காயைக்கூடத் தொடவில்லை. இரண்டு ரகமும் ஒரே நீளம், ஒரே சிவப்பு. பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

செப்டம்பரில் அறுவடை விருந்து. அப்பா அம்மாக்கள் எல்லாம் வந்திருந்தார்கள். “இந்தப் பாத்தி இனிப்பு, பச்சையாவே கடிக்கலாம்” என்றாள் ஹயாத். பிள்ளைகள் நம்பிக் கடித்தார்கள். அப்புறம் ஒரே அழுகை. கடித்த கையோடு கண்ணைக் கசக்கிய ஒரு சின்னப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. தலைமையாசிரியை ராவுதா மறுநாள் தன்மையாகத்தான் சொன்னாள்: “அத்தை, நீங்க கொஞ்ச நாள் வீட்ல இருங்க. தோட்டத்தை நாங்க பாத்துக்கறோம்.”

ஹயாத் யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துக் காலைக் காப்பிக்கு உட்கார்ந்தபோது கேட்டாள். “என்னங்க, எனக்குப் புத்தி பிசகுதா? பாத்தியில நடும்போது நான்தானே மாத்தி நட்டிருப்பேன்?”

தட்டு அவர் நினைவில் உடனே வந்து நின்றது. ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்தது, “வயசாகுதில்ல. விடு” என்பதுதான்.

அவள் தலையாட்டினாள். அன்று மத்தியானம் கடைக்குப் போய்ப் பசை வாங்கி வந்தாள். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டு மாதம் போயிற்று. நேற்றுத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். இதயம் என்றார்கள்.

பகல் தொழுகைக்கு முன்பே குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி முற்றத்தில் கிடத்தியாயிற்று. மேலே பச்சைத் துணி. ஊரே வந்திருந்தது. பாதிப் பேரை அவர் பஸ்ஸில் ஏற்றியிருக்கிறார். மீதிப் பேரின் பிள்ளைகளுக்கு அவள் மண் கொத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். வாசற்பக்கம் நின்ற பெண்களின் பேச்சு அவர் காதில் விழுந்தது.

“தங்கமான மனுஷி. கடைசியிலதான் புத்தி தடுமாறிடுச்சு.”

“மிளகாயில பாத்தோமே.”

“பாவம், வேணும்னா செஞ்சா?”

வஃபா அதைக் கேட்டுத் தலை குனிந்துகொண்டதையும் அவர் பார்த்தார். இன்றோடு மண்ணைப் போட்டு மூடிவிட்டால் ஹயாத் இந்த ஊருக்கு எப்போதும் புத்தி தடுமாறிய கிழவிதான். நாற்பத்தொரு பிள்ளைகளும் அவளை அப்படித்தான் சொல்லி வளருவார்கள்.

மையித்தைத் தூக்குமுன் சொல்ல வேண்டியதைச் சொல்ல ஹயாத்தின் தம்பி தாஹர் முன்னால் வந்தான். “எங்கக்கா யாருக்காவது தப்பு பண்ணியிருந்தா, மனசு நோகப் பேசியிருந்தா, மன்னிச்சிருங்க.”

“மன்னிச்சோம். இம்மைக்கும் மறுமைக்கும் மன்னிச்சோம்,” என்று முற்றம் முழுவதும் ஒரே குரலில் சொன்னது.

அது அடங்கியதும் பெண்கள் பக்கமிருந்து ஒருத்தி அழுதபடியே தனியாகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போன பெண்ணின் தாய். “எம்பொண்ணு விஷயத்தையும் மன்னிச்சுட்டேன் அத்தை! நிம்மதியாப் போங்க!”

“அதை வாபஸ் வாங்கும்மா,” என்றார் மொன்சிஃப்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“அவளை மன்னிக்க ஒண்ணுமில்ல. விதைத் தட்டை மாத்துனது நான். மழையில எடுத்துட்டு வந்தேன். எது எதுன்னு தெரியல. தெரியலன்னு சொல்லாம இதுதான்னு காமிச்சேன். அவ புத்தி கடைசி வரைக்கும் கல்லு மாதிரி இருந்துச்சு. நான்தான் வாயை மூடிட்டு இருந்தேன்.”

“மச்சான், இப்ப எதுக்கு இது...” தாஹர் அவர் கையைப் பிடித்தான்.

“இப்ப விட்டா எப்படா?”

ராவுதா பெண்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. “போன மாசம் அத்தை ஸ்கூலுக்கு வந்தாங்க, மாமா. என்னைச் சோதிச்சுப் பாரு டீச்சர்னாங்க. நாப்பத்தொரு பிள்ளைங்க பேரையும், அதுங்க செடிக்கு வெச்ச பேரையும் வரிசையாச் சொன்னாங்க. ஒண்ணுகூடத் தப்பல. சொல்லி முடிச்சுட்டு, அப்ப மிளகாயில மட்டும் எப்படி டீச்சர் தப்புச்சுன்னு கேட்டாங்க.”

அவள் பள்ளிக்கூடம் போனது மொன்சிஃபுக்குத் தெரியாது. அவள் வீட்டில் சொல்லவேயில்லை.

“அம்மாகிட்டச் சொன்னீங்களாப்பா? ஒரு தடவையாவது?” வஃபாவின் குரல் கீச்சென்று வந்தது.

“இல்லம்மா.”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். மொன்சிஃப் அவளருகில் போகவில்லை.

தாஹர் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். இப்படி ஒரு நிலைமைக்கு அவனிடம் வார்த்தை இல்லை. தெரிந்ததையே கொஞ்சம் மாற்றிச் சொன்னான். “எங்க மச்சானையும்... மன்னிச்சிருங்க.”

கூட்டம் தயங்கியது. உயிரோடு நிற்கிறவனுக்கு யாரும் இதைச் சொல்லிப் பழகியதில்லை. முதலில் அந்தப் பெண்ணின் தாய்தான் சொன்னாள். “மன்னிச்சேன் மாமா.” அப்புறம் ராவுதா. அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆண்கள். எல்லாருக்கும் கடைசியாக, சுவரைப் பார்த்தபடியே வஃபாவும் ஏதோ முணுமுணுத்தாள்.

நான்கு பேர் குனிந்து சந்தூக்குக் கட்டிலின் கால்களைப் பிடித்தார்கள். வலப்பக்க முன்கால் மொன்சிஃபுக்கு.

“தூக்கலாமா மச்சான்?”

“இருடா. ஒரு நிமிஷம். அவ இன்னும் சொல்லல.”

அவர் பச்சைத் துணியின் தலைமாட்டுப் பக்கம் காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு நின்றார். மற்ற மூன்று பேரும் குனிந்தபடியே காத்திருந்தார்கள்.