வளையத்தில் விடுபட்ட இடம்

பாலை மணலில் ஒரு சிற்றுயிர் இருந்தது. அதற்குக் கண் இல்லை, கால் இல்லை. பசி மட்டும் இருந்தது. ஷார்ஜாவில், முவைலாவுக்கு அப்பால், பழைய லாரிப் பட்டறை ஒன்றின் பின்புறம் எஞ்சின் எண்ணெய் கொட்டிக் கறுத்துப்போன மணலில் அது குடியிருந்தது. வேறு எந்த உயிரும் அண்டாத அந்த எண்ணெயே அதற்கு விருந்து.

அந்த பாக்டீரியாவைக் கண்டெடுத்து வளர்த்தவர் தாமரை. கோயம்புத்தூரில் படித்தவர், கணவரோடு துபாயின் கராமாவில் குடியேறி, ஷார்ஜாவில் ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தச் சிற்றுயிரின் மரபணுத் தொகுதியை ஓர் எழுத்தும் விடாமல் வாசித்துவிட வேண்டும் என்று அவர் இறங்கினார். பல லட்சம் எழுத்துகள் கொண்ட அந்த வாசகம் தொடக்கமும் முடிவும் அற்ற ஒரு வளையம். துண்டு துண்டாக வாசித்து, முனையோடு முனை பொருத்தி, 2008ஆம் ஆண்டுக் கோடை தொடங்கியபோது ஒரே ஓர் இடைவெளியில் வந்து நின்றார். அதை நிரப்பினால் வளையம் மூடிவிடும். நிரப்பாவிட்டால், ஆண்டுக்கணக்கான உழைப்பு ‘முற்றுப்பெறாதது’ என்ற குறிப்போடுதான் உலகத்தின் முன் போக வேண்டும்.

அவருடன் பணிபுரிந்த விஜயபாஸ்கர் மதுரைக்காரர். எதையும் இருமுறை சரிபார்ப்பவர். வளைகுடாவில் குடும்பத்தோடு வாழ்பவர்கள் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பும்போது கேஸை மூடுவார்கள், தண்ணீரை மூடுவார்கள், கடைசியாக மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டுவார்கள். ஆய்வுக்கூடத்தைக் கோடை விடுமுறைக்கு மூடிய நாளன்று மாலை, கடைசியாகக் கிளம்பியவர் விஜயபாஸ்கர். பெட்டிகளுடனும் பிள்ளைகளுடனும் மனைவி கீழே காரில் காத்திருந்தார். வீட்டில் பழகிய கை, இங்கேயும் மெயின் ஸ்விட்சை அணைத்தது.

ஆகஸ்ட் முழுவதும் கூடம் பூட்டிக் கிடந்தது. செப்டம்பரில் இருவரும் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, உள்ளிருந்து அடுப்பின் அனல் போல வெப்பம் முகத்தில் அறைந்தது. டீப் ஃப்ரீசரின் அடியில் தண்ணீர் வழிந்து காய்ந்த தடம் தெரிந்தது. உறையவைத்திருந்த பாக்டீரியாக் குழாய்களும், பிரித்தெடுத்த டி.என்.ஏ.வும் வெதுவெதுப்பாக இருந்தன.

"மேடம், மெயினை நான்தான் அணைச்சேன்" என்றார் விஜயபாஸ்கர். "வீட்டைப் பூட்டுற நெனப்புல கை தன்னால போயிருச்சு."

தாமரை குழாய்களை ஒவ்வொன்றாக ஃப்ரீசரிலிருந்து வெளியே எடுத்தார். "மொதல்ல குழாயையெல்லாம் வளத்திப் பாக்கலாங்க. உங்களைத் திட்டறத அப்புறம் வெச்சுக்கறேன்."

ஒரு குழாயிலிருந்தும் எதுவும் முளைக்கவில்லை. டி.என்.ஏ.வும் சிதைந்திருந்தது. மீண்டும் மண் எடுக்கலாம் என்று தாமரை பட்டறைக்குப் போனார். பட்டறை இருந்த இடத்தில் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டியிருந்தார்கள். கறுத்த மணலை லாரிகள் எங்கோ அள்ளிப் போயிருந்தன. கூடத்தின் தலைவர் மக்தூம் கோபித்துக்கொள்ளவில்லை. கலாஸ், முடிந்தது முடிந்ததுதான், இடைவெளியோடே வெளியிட்டுவிடுங்கள் என்று ஆறுதலாகச் சொல்லிச் சென்றார். அந்த ஆறுதல்தான் தாமரைக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

மறுநாள் விஜயபாஸ்கர் கெட்டுப்போனவற்றையெல்லாம் அழிப்பதற்காகத் திரட்டினார். பாக்டீரியாவை வளர்த்து அலமாரியில் விட்டுப்போயிருந்த பெட்ரி தட்டுகளும் அவற்றில் இருந்தன. பாக்டீரியாவுக்கு உணவான அகர் கூழ் வெக்கையில் வற்றி, அப்பளம் போல் சுருங்கி, தட்டில் ஒட்டிக்கிடந்தது. தாமரை கை நீட்டினார்.

"அதைக் கொஞ்சம் குடுங்க."

"கருவாடாயிருச்சு மேடம். இதுல என்ன இருக்கப்போகுது?"

"காயறப்ப உயிரைக் காப்பாத்திக்க இது ஒரு சர்க்கரை செஞ்சுக்கும்னு நாமதானுங்க படிச்சோம்? நாம படிச்சது நெசம்னா, இது செத்திருக்காது."

விஜயபாஸ்கர் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்தச் சர்க்கரைக்கான மரபணுவை இருவரும் சேர்ந்தே அடையாளம் கண்டிருந்தார்கள். வெளியிடுவதற்காக எழுதிவந்த கட்டுரையில் ‘இருக்கலாம்’ என்று தயங்கி எழுதியிருந்தார்கள். இப்போது தங்கள் வாசிப்பின் மேல் தாங்களே பந்தயம் கட்டினார்கள். காய்ந்த சருகைச் சுரண்டி, உப்புநீரில் ஊறவைத்து, புதிய தட்டில் தடவினார்கள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலையில், தட்டின் மேல் கடுகளவு மஞ்சள் புள்ளிகள். வெளியிலிருந்து வந்த வேறு ஏதேனும் ஒன்றா என்று ஐயுற்று, முன்பே வாசித்திருந்த ஒரு பகுதியை மீண்டும் வாசித்தார்கள். எழுத்துக்கு எழுத்து அதுவேதான். குளிரில் பத்திரப்படுத்தியது ஈரத்தோடு வெந்து மாண்டிருக்க, கவனிப்பாரின்றி மெல்ல மெல்லக் காய்ந்தது, தன் மணலில் கிடந்தது போலவே உறங்கி விழித்திருந்தது. கட்டுரையிலிருந்து ‘இருக்கலாம்’ என்ற சொல்லைத் தாமரை அன்றே அடித்தார்.

புதிய டி.என்.ஏ. கிடைத்தது. இடைவெளியின் இரு கரைகளிலிருந்தும் வாசிப்பு உள்ளே நகர்ந்தது. கடைசித் துண்டு வந்தபோது, பொருந்திவிட்டதென்று கணினி முதலிலேயே காட்டிவிட்டது. ஆனாலும் விஜயபாஸ்கர் விடவில்லை. அச்செடுத்த தாளை வைத்துக்கொண்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார். தாமரை எதிர்க்கரையின் தாளில் விரல் வைத்து வந்தார். ஜி, சி, சி, ஏ... படித்துக்கொண்டே வந்தவரின் குரல் கடைசி எழுத்தில் வந்து நின்றது. தாமரையின் விரலும் தாளின் ஓரத்தைத் தொட்டிருந்தது.

அரவமற்றுக் கிடந்த அறைக்குள் மக்தூம் எட்டிப் பார்த்தார். இருவரின் முகத்தையும் பார்த்து, நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவரால் முடிவு செய்ய இயலவில்லை. எல்லோருக்கும் பொதுவான இந்தியில், இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார்.

"பாக்கி?"

தாமரை கண்ணைத் துடைத்துக்கொண்டு, இல்லை என்பதற்கு அவருடைய அரபு மொழியிலேயே பதில் சொன்னார்.

"மாஃபி."