நீலக்கல்லில் மூன்று குமிழி

கலைமணி இடுக்கியில் கல்லைப் பிடித்து, லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, சன்னல் பக்கம் திரும்பினாள். கட்டிலில் கிடந்த அவள் கணவன் பச்சியப்பன், "உள்ள என்ன தெரியுது?" என்றான்.

இரண்டு வருடமாக இதே கேள்விதான். கிட்னி கெட்டு, இண்டூரில் பார்த்துவந்த டிராக்டர் மெக்கானிக் வேலையை விட்டுப் படுத்தவன், போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்களைப் படிக்கத் தொடங்கினான். எது கெம்பு, எது கோமேதகம், எது வெறும் கண்ணாடி. கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவன் கேட்பான், அவள் பார்த்துச் சொல்வாள். சொல்லிச் சொல்லி அவளுக்கும் பிடிபட்டுவிட்டது. மண்ணில் விளைந்த கல்லுக்குள் நூல் மாதிரி, புகை மாதிரி ஏதாவது ஓடும். உருண்டையாகக் குமிழி இருந்தால் கண்ணாடி.

இன்று அவன் எடுக்கச் சொன்னது நீலக்கல். முதன்முதலில் அவனே தேர்ந்து, அவளுக்கென்று வாங்கியது. அதில் குமிழி இருப்பதை ஆடி மாதமே பார்த்துவிட்டாள். சொல்லவில்லை.

வாசற்படியில் நின்ற கொழுந்தன் முனிராஜ், நல்ல கல் என்று சொல்லிவிடச் சொல்லிக் கண் காட்டினான். டாக்டர் கையை விரித்து நான்கு நாளாகியிருந்தது.

"மணி, கேக்கறன்ல?"

"குமிழிங்க," என்றாள். "மூணு. உருண்டையா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எப்ப பாத்த?"

"ஆடியிலயே."

"அப்பயே சொல்றதுக்கென்ன?"

அவள் கல்லைத் துணியில் மடித்து வைத்தாள். போனை எடுத்துத் தரச் சொன்னான். கொடுத்துவிட்டு மத்தியானக் கஞ்சி காய்ச்சப் போனாள். இரண்டு கரண்டி குடித்தான். சாயங்காலம் நாலு மணிக்கு மூச்சு நின்றது.

மறுநாள் எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய முனிராஜ், "கடைசி நாள்ல அண்ணன் மனச ஒடச்சிட்டீங்களே அண்ணி," என்றான். அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்றே அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

பச்சியப்பன் போய் மூன்று நாள் கழித்து, பால் தெளித்த மறுநாள் காலை, பொம்மிடியிலிருந்து வெங்கடாசலம் என்று ஒருவர் வந்தார். முனிராஜ் பந்தல் பிரிப்பதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். விவரம் தெரிந்ததும் கையிலிருந்த காகிதப் பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"தெரியாதுங்கம்மா. மூணு நாளைக்கு முன்ன மத்தியானங்கூட போன்ல பேசினாருங்க. எங்கம்மா மோதரத்துக் கல்லு ஒண்ணு காட்டணும்னு கேட்டிருந்தேன். 'என் கண்ண நம்பாதீங்க, எங்க வூட்டுல காட்டுங்க, உள்ளத உள்ளபடி சொல்லிப்புடுவா'ன்னு சொல்லிச் சிரிச்சாருங்க. நான் அப்பறமா வரேங்க."

முனிராஜ் கயிறு அவிழ்ப்பதை நிறுத்தியிருந்தான்.

கலைமணி ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு, வெயில் விழும் இடத்துக்கு வந்தாள். கையை நீட்டினாள்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க," என்றாள். "நெழலு விழுது."