றஹீமா சுட்ட விசுக்கோத்து

கோதுமை மாவுக்கும் சீனிக்கும் இலங்கையே அல்லாடிய எழுபதுகளில், மாத்தளையில் ஒருத்தி மருமகளாகக் காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமா? உக்குவளையில் ஒரு சின்ன வீடு காலியாகக் கிடந்தது. அங்கே தனிக்குடித்தனம் போக றஹீமாவுக்கு உயிர் துடித்தது. புருஷன் இத்ரூஸ் தலையாட்டினான். மாமி நூருன்னிஸாதான் விடமாட்டேன் என்று நின்றாள்.

“பெருநாளைக்கு என் தங்கச்சி மஸூதா வாறா. விசுக்கோத்து சுட்டு வை. நல்லா இருக்குன்னு அவ வாயால சொல்லட்டும், நீங்க போங்க. நான் தடுக்கல்ல.”

கடைசி நோன்பன்று மாமியே சட்டியில் மாவைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள். எங்கேயிருந்து எடுத்தாள் என்று றஹீமா கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறாளாக்கும்! நெய்யும் ஏலக்காயும் போட்டுப் பிசைந்து, மேலும் கீழும் தணல் வைத்துச் சுட்டாள். வீடெல்லாம், சீலையைப் பூச்சி அரிக்காமலிருக்க அலுமாரியில் போடும் பூச்சி உருண்டை நாற்றம். பெருநாளுக்கு உடுக்க மாமி அலுமாரிச் சீலைகளை வெளியே எடுத்து உதறிக்கொண்டிருந்ததால், அந்த நாற்றம்தான் என்று சும்மா இருந்துவிட்டாள். நோன்பு வாயோடு ருசி பார்க்கவும் முடியாது. நோன்பு திறந்த பிறகாவது ஒன்றைக் கடித்துப் பார்ப்போமென்றால், பெருநாளுக்கு முன்னால் யாரும் கை வைக்கக்கூடாதென்று மாமி தகர டின்னையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மஸூதா ஒரு கடி கடித்தாள். முகம் கோணிப்போயிற்று.

“யா அல்லாஹ்! பூச்சி உருண்டையைத் தின்ட மாதிரியில்ல இருக்கு!”

“என்னத்தப் போட்டுக் குழைச்சாளோ!” என்று மாமி கையை விரித்தாள்.

றஹீமாவுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “மாமி, அந்த மாவ எங்க வச்சிருந்தீங்க?”

“எங்க வைப்பாங்க? மாப் பானைலதான்!”

பச்சைப் பொய். மாப் பானை ஒரு மாதமாகக் கவிழ்ந்து கிடந்ததை அவள்தானே தினமும் பார்த்தாள்! அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அவன் காதுமடல் சிவந்திருந்தது.

“நீங்க சொல்லுங்க.”

“அடுப்படி சங்கதி எனக்கெப்பிடித் தெரியும்?” என்று இத்ரூஸ் தரையைப் பார்த்தான்.

“ஒரு விசுக்கோத்து சுட ஏலல்ல, மகாராணிக்குத் தனிக்குடித்தனமாம்!” மாமி தங்கச்சியைப் பார்த்துச் சிரித்தாள். மஸூதாவும் சிரித்தாள்.

றஹீமா விறுவிறுவென்று அடுப்படிக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் இத்ரூஸ் பூனை மாதிரி பின்னாலேயே வந்தான்.

“மாவ உம்மாட அலுமாரிக்குள்ள, சீலைக்கு நடுவுல ஒளிச்சது நான்தான். கள்ளத்தனமா வாங்கின மாவு, சோதனைக்கு வந்தா பிடிச்சிடுவானுங்கன்னு பயம். மஸூதா சாச்சிக்கு முன்னால உம்மாவ எப்பிடி விட்டுக்குடுக்குறது? கொஞ்சம் பொறு புள்ள. தனி வீட்டுக்கு உம்மாவ எப்பிடியும் நான் சம்மதிக்க வைக்கிறேன்.”

இத்தனை நாளும் மாமி மேல் இருந்த வெறுப்பு முழுவதும் அந்த ஒரு நொடியில் இவன் மேல் திரும்பியது.

“வேணாம்,” என்றாள். “அவங்க ரெண்டு பேருக்கும் முன்னால உண்மை தெரிஞ்சும் எனக்காக வாயத் தொறக்கல்ல. அந்த வீட்டுல ஒங்களோட தனியா இருந்து நான் என்ன செய்ய? எங்க வாப்பா வீட்டுக்குப் போறேன். வழிய விடுங்க.”