பக்கவாட்டுக் காற்று

தம்பானூர் பஸ் நிலையத்துக்கு எதிரே மூன்றாம் மாடியில் எங்கள் ஆபீஸ். சின்னச் செயற்கைக்கோள்களின் பாதையைக் கணக்குப் போடுவது தொழில். பதினெட்டு வருஷமாக அந்தக் கணக்குக்கு நான்தான் பொறுப்பு. கல்யாணராமன் போட்டால் தப்பாது என்று முதலாளி ஹரிகுமாரே சொல்வார்.

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, ஒரு செயற்கைக்கோளின் பாதைச் சாய்வு மாறிவிட்டது என்கிறாள் பொன்செல்வி! வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவளை நிரந்தரமாக்கும் படிவம் என் மேஜையில் கிடக்கிறது. ஐந்து மணிக்குள் நான் எழுதி அனுப்ப வேண்டும்.

“பூமத்திய ரேகையோட இருந்த சாய்வு குறைஞ்சிருக்கு சார். டிகிரியில இருநூறுல ஒரு பங்கு.”

“காத்து எதிர்த்து நின்னு வேகத்தைக் குறைக்கும், கோள் கீழே இறங்கும். சாய்வை மாத்துறதாவது! உன் கணக்குல பிழை.”

“காத்தும் பூமியோட சேந்து கிழக்கால சுத்துதுல்லா சார்? அதனால பக்கவாட்டுலயும் தள்ளும். ஓரோ சுத்துக்கும் இத்துணூண்டு. கோளுக்கே தெரியாது.”

கோளுக்கே தெரியாதாம்! எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

“ஓரோ இல்லை, ஒவ்வொரு. முதல்ல தமிழை ஒழுங்காப் பேசு. இத்தனை வருஷம் இந்த மலையாளத்து ஊர்ல இருந்தும் என் தமிழ் இம்மி சாஞ்சிருக்கா பார்!”

படிவத்தில் ‘கணக்கில் பிழை’ என்று எழுதினேன். கையெழுத்துதான் பாக்கி. அவள் முகம் செத்துப்போயிற்று. பொய் சொல்வானேன், எனக்குக் கொஞ்சம் திருப்தியாகக்கூட இருந்தது.

அப்போது கும்பகோணத்திலிருந்து தங்கை வாலாம்பாள் போன் செய்தாள். இரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று காலையில்தான் புலம்பியிருந்தாள்.

“என்ன வாலா, வெள்ளம் வந்துதோ?” என்றேன்.

“ஐயையோ, வெள்ளமா! காவேரி உடைச்சுண்டுடுத்தா அண்ணா? இங்கே யாருக்குமே தெரியாதே!”

போனை வைத்துவிட்டாள். இந்த ஊரில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். அவள் ஊரில் அப்படி இல்லையே! திரும்பத் திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. பொன்செல்வி வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். தோள் மட்டும் குலுங்கியது.

பத்து நிமிஷத்தில் தங்கையிடமிருந்து செய்தி வந்தது: ‘அரிசி மூட்டை, சிலிண்டர் எல்லாம் மாடிக்கு ஏத்தியாச்சு. வெள்ளத்தைக் காணோம். குடிக்கத்தான் தண்ணி இல்லை.’

வெட்கமாகப் போயிற்று. படிவத்தில் எழுதியதை அடித்துவிட்டு, ‘கணக்கு சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினேன்.

“எத்தனைன்னு சொன்னே? இருநூறுல ஒரு பங்கா?”

“ஆமா சார்.”

“எனக்குச் சாய்வு அதைவிடக் கூடுதலா இருக்கும்,” என்றேன்.