கையுறையில் ஒட்டிய ஈயம்

விருந்தே தனக்காக என்றாலும் யூரிம் உம்மென்றுதான் உட்கார்ந்திருந்தாள். கொரியாவின் தேஜான் நகர ஆய்வகம் ஒன்றில் இரும்பையும் கந்தகத்தையும் நுண்துகளாக்கி, பாலிமரில் கலந்து, விஷமில்லாத சூரிய மின்கலம் செய்ய ஆறு வருடமாக மாரடிக்கிறவள். இத்தனை காலம் சொட்டிக்கொண்டிருந்த மின்சாரம் போன வாரம் ஒரே ஒரு கலத்தில் எகிறிவிட்டது. வசந்தத்தில் டாக்டர் பட்டம் என்று சொல்லி, பேராசிரியர் எல்லோரையும் பன்றி இறைச்சி சுட்டுத் தின்ன அழைத்து வந்துவிட்டார்.

நேற்றுதான் சோதனை முடிவு வந்தது. கலத்துக்குள் ஈயம் இருந்தது.

எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். காற்றுப்புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிடும்போது, அதன் தடித்த கையுறைமேல் மெல்லிய உறை ஒன்றை மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி எறிய வேண்டும். அதே பெட்டியில், விஷமானாலும் மின்சாரத்தை அள்ளித் தரும் ஈயக் கலம் செய்யும் சீனியர் கிதே கழற்றாமல் போயிருந்தான். யூரிம் பார்த்தாள். மாற்ற அலுப்பு, அப்படியே கையை நுழைத்தாள். ஆறு வருட அலுப்பு சும்மா விடுமா?

"என்ன தங்கச்சி, டாக்டரம்மா ஆகப்போற, மூஞ்சிய ஏன் தூக்கி வச்சிருக்க?" இறைச்சியைப் புரட்டியபடி கிதே கேட்டான்.

"அந்தக் கலத்துல ஈயம் இருக்குண்ணே. நீங்க விட்டுட்டுப் போன உறையோடயே வேலை பாத்துட்டேன்."

கிதே குரலைத் தாழ்த்தினான். "யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"துளியூண்டு தூசி. பட்டத்த வாங்கு, அப்புறம் வாயத் திற."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறான். அவளுக்கும் மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தது. அவ்வளவு களைப்பு.

பேராசிரியர் கிண்ணத்தை உயர்த்தினார். "நம்ம யூரிமுக்கு! ஈயமே இல்லாம சாதிச்சுட்டா!"

"இருக்கு சார்," என்றாள்.

கையுறைக் கதையைச் சொல்லி முடித்தாள். அவர் திட்டியிருந்தால் தேவலை. கிண்ணத்தை மெல்ல வைத்தார். "இன்னும் ஒரு வருஷம் ஆகும்மா."

"தெரியும் சார்."

"புது உறை போட்டு இன்னொன்னு செஞ்சு பாத்தியா?"

"பாத்தேன்."

"எவ்வளவு வந்துச்சு?"

"எப்பவும் சொட்டுறதுதான் சார்."

பட்டம் தள்ளிப்போனதற்கு வராத அழுகை அப்போது வந்தது.