யாரோ நினைக்கிறார்களாம்

மலேசியாவின் தங்காக் ஊர்க் கடைத்தெருவில் புஷ்பவள்ளியின் குரலைக் கேட்காமல் துணி வாங்கிக்கொண்டு போனவர்கள் இருக்க முடியாது. நைனா முகம்மதுவின் ஜவுளிக்கடை வாசலில் நின்றுகொண்டு, "மாரி, காக், காயின் பாரு! வாங்கக்கா, புதுத் துணி வந்திருக்கு, பாத்துட்டுப் போங்க!" என்று அவள் போடும் சத்தத்தில் எதிர்வரிசைக் கடைக்காரர்கள் மதியத் தூக்கத்தையே மறந்திருந்தார்கள். மலாயில் கூப்பிடுவாள், தமிழில் கூப்பிடுவாள், சீனக் கிழவிகள் வந்தால் அரைகுறை ஹொக்கியனில் பேரப்பிள்ளைகளை விசாரிப்பாள். நோன்புப் பெருநாளோ தீபாவளியோ நெருங்கிவிட்டால் சக்கைப்போடு போடுவாள். வாசலில் ஒலிபெருக்கி வைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "புஷ்பம் இருக்கும்போது அது எதுக்குலா?" என்று சிரித்தார் முதலாளி.

அந்தக் குரல் பித்தப்பைக் கல்லோடு சேர்ந்து போய்விட்டது.

கல்லை எடுத்தவர்கள் நல்லபடியாகத்தான் எடுத்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மயக்கம் தெளிந்து கண் விழித்தவள் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. முழு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்காகத் தொண்டைக்குள் குழாய் விடுவார்கள், அந்த உரசலில் இரண்டு மூன்று நாள் கரகரப்பு இருக்கும், தானாகப் போய்விடும் என்றாள் நர்ஸ். அவள் சொன்னது பொய் இல்லை. பெரும்பாலானவர்களுக்குப் போய்விடும். புஷ்பவள்ளிக்குப் போகவில்லை.

வீட்டில் கைவைத்தியம் களைகட்டியது. நாத்தனார் கிருஷ்ணம்மா சித்தரத்தையும் பனங்கற்கண்டுமாக வந்து இறங்கினாள். "தொண்ட கட்டிக்கிச்சு, அவ்வளவுதான் அண்ணி. மொளகுப்பால் குடிங்க. வாயத் தொறக்காம இருங்க, சரியாயிடும்" என்றாள். புஷ்பவள்ளி குடித்தாள். குடித்ததும் புரையேறி, கண்ணில் நீர் முட்ட இருமினாள். கணவர் அய்யாவு ஓடி வந்து உச்சந்தலையில் தட்டினார்.

"யாரோ நெனைக்கிறாங்க" என்றாள் கிருஷ்ணம்மா.

"வேற யாரு? சிங்கப்பூர்ல நம்ம ரூபினிதான்" என்றார் அய்யாவு. ரூபினி அவர்களுடைய ஒரே மகள்.

மறுநாள் ரசத்துக்குப் புரையேறியது. அதற்கு மறுநாள் வெறும் தண்ணீருக்கு. ஒவ்வொரு தடவையும் தலையில் ஒரு தட்டு, ஒரு ஆள் பெயர். ரூபினி, பெக்கான் நானாஸில் இருக்கும் சித்தி, பழைய பக்கத்து வீட்டுக்காரி என்று ஊரில் உள்ள அத்தனை பேரும் புஷ்பவள்ளியை நினைத்துக்கொண்டே இருந்தார்கள். விழுங்கும்போது தொண்டையில் ஒரு பக்கம் மட்டும் குத்துகிறதே, அது ஏன் என்று மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை. அவள் கையை வைத்துக் காட்டினாலும், "பேசாதீங்க அண்ணி, பேசாதீங்க" என்று அடக்கிவிட்டார்கள்.

அய்யாவு கெட்டவர் இல்லை. ஆனால் எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த மனிதர். ஆஸ்பத்திரியில் குறை சொன்னால் அடுத்த தடவை முகம் கொடுத்துப் பார்க்க மாட்டார்கள் என்ற பயம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது. தையல் பார்க்கப் போனபோது டாக்டர், "ஓகே, காக்?" என்று புஷ்பவள்ளியைத்தான் கேட்டார். அவள் காற்றைத் திரட்டி ஒரு வார்த்தை சேர்ப்பதற்குள் அய்யாவு முந்திக்கொண்டார். "ஓகே, ஓகே டாக்டர். தொண்ட மட்டும் சிகிட் சாஜா." கொஞ்சம்தானாம்! அடுத்த தடவையும் அதே ஓகே. ஆயுசு முழுக்க அவரைப் பேசவிடாமல் பேசியவள், இப்போது அவர் பேசுவதைப் பார்த்துக்கொண்டு தலையாட்டிப் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திட்டுவதற்குக் குரல் வேண்டுமே.

கடைக்குத் திரும்பிப் போனாள். முதலாளி அவளை உட்கார வைத்து ஆறுதலாகத்தான் பேசினார். "கொஞ்ச நாளைக்கு உள்ள இருந்து துணி மடிச்சுக் குடும்மா. ஒடம்ப அலட்டிக்காதே." வாசலில், அவள் நிற்கும் இடத்தில், ஸ்டூல் போட்டு ஒரு ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். யாரோ ஒரு சின்னப் பெண்ணின் பதிவு செய்த குரல், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. வந்தவரை யாரென்று பார்க்காது, பேரப்பிள்ளையை விசாரிக்காது, ஆளே இல்லாத தெருவைப் பார்த்தும் மாரி மாரி என்றது.

புஷ்பவள்ளி காலை முழுக்கப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் ஒலிபெருக்கியின் பிளக்கைப் பிடுங்கினாள். கடையே திரும்பிப் பார்த்தது. முதலாளி ஏதோ கேட்க வாயெடுத்தார். அவள் கைப்பையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். அய்யாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவரும் வருவார், வந்தால் ஓகே சொல்வார்.

ஆஸ்பத்திரி அறையில் இருந்தது ஒரு இளம் மலாய் லேடி டாக்டர். முகத்தில் தூக்கக் கலக்கம், வெளியே பெரும் கூட்டம். "சாக்கிட் தெக்காக், காக்?" என்று கேட்டுக்கொண்டே தொண்டை வலி மாத்திரை எழுதப் போனார். புஷ்பவள்ளி மேஜையைத் தட்டினாள். கைப்பேசியை எடுத்து, ஆபரேஷனுக்கு முன்னால் அய்யாவுக்கு அனுப்பிய குரல் செய்தி ஒன்றைத் தட்டிவிட்டாள்.

"ஏங்க, சந்தான் பாலு வாங்கிட்டு வரச் சொன்னா தேங்கா எண்ணெ வாங்கிட்டு வந்திருக்கீங்களே, எண்ணெய ஊத்தியா பாயசம் வைக்கிறது? அலமாக்! கடைக்குப் போகும்போது மூளைய வீட்ல வெச்சுட்டுப் போனீங்களா?"

அறை அதிர்ந்தது. வாசலில் நின்ற நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டாக்டருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது, ஆனாலும் பேனா நின்றுவிட்டது. புஷ்பவள்ளி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, இதுதான் நான் என்று மலாயில் சொன்னாள். வந்தது காற்றுதான். பிறகு பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, டாக்டரின் கண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தாள். எதிர்பார்த்தபடியே புரையேறியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சுத் திணறத் திணற இருமினாள்.

டாக்டர் அவள் தலையில் தட்டவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டார். அவள் சொல்லி முடிக்கும்வரை குனிந்து கேட்டார். அதைக் கண்டதும் புஷ்பவள்ளிக்கு அழுகை வந்துவிட்டது.

அன்றே காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுத் திரையில் காட்டினார் அங்கிருந்த பெரிய டாக்டர். தொண்டைக்குள் இரண்டு கதவுகள் மாதிரி தெரிந்தன. ஒன்று திறந்து மூடியது. மற்றது அசையவே இல்லை. குழாய் போனபோதோ வந்தபோதோ, அந்தப் பக்கத்துச் சின்னக் குருத்தெலும்பு இடம் விலகிவிட்டது, அபூர்வமாக நடப்பதுதான் என்றார். கதவு மூடாததால்தான் குரலும் இல்லை, தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்குகிறது. "முன்னாலயே வந்திருந்தா சுலபம். இப்ப அது அந்த இடத்துலயே இறுக ஆரம்பிச்சிருக்கும். தள்ளி உக்கார வெச்சுப் பாக்கலாம், ஆனா உறுதி சொல்ல முடியாது. இன்னும் தள்ளிப் போட்டா அந்த வாய்ப்பும் போயிரும்." அதற்கு மறுபடி முழு மயக்கம் வேண்டும். மறுபடி தொண்டைக்குள் கருவி, மறுபடி குழாய்.

குழாய் என்றதும் அவள் கை தொண்டைக்குப் போனது.

வீட்டில் அய்யாவு அடியோடு மறுத்துவிட்டார். "வேணாம் புஷ்பா. ஒரு தடவ படுத்ததுக்குக் கொரல் போச்சு. இன்னொரு தடவ படுத்து உசுரு போச்சுன்னா நான் எங்க போவேன்? நீ பேசலேன்னா என்ன, நீ இருந்தா போதும் எனக்கு." சொல்லும்போது அவர் குரலும் உடைந்தது. முப்பது வருஷத்தில் அவர் இப்படி ஒரு பேச்சு பேசியதில்லை. பக்கத்தில் இருந்த கிருஷ்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

புஷ்பவள்ளி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்துச் சொன்னாள்.

"எனக்குப் போதாதுங்க."

கையெழுத்தைத் தானே போட்டாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே மயக்க மருந்து டாக்டர் வந்து நின்றபோது அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக் குனிய வைத்து, இந்தத் தடவை குழாயைப் போடப்போவது யார் என்று கேட்டாள். நான்தான் என்றார். சின்னக் குழாயாகப் போடுவேன், கேமராவில் பார்த்துப் போடுவேன் என்றார். எடுப்பது யார் என்று கேட்டாள். அதுவும் நான்தான் என்று சிரித்தார். சரி என்று சட்டையை விட்டாள். உள்ளே படுத்து, மேலே பெரிய விளக்கைப் பார்த்தாள். எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஸ்டூல் மேல் இருந்த ஒலிபெருக்கியை நினைத்துக்கொண்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

விழித்ததும் பேசக்கூடாது, காலையில் டாக்டர் வந்து பார்க்கும்வரை ஒரு சொல் கூடாது என்று நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் குரல் வந்ததா இல்லையா என்பது அவளுக்கே தெரியவில்லை. தெரியாமல் இருப்பது, இல்லாமல் இருப்பதைவிடப் பெரிய பாடாக இருந்தது.

காலையில் அய்யாவு குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அவள் கட்டிலருகே வந்து உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டரும் அந்த இளம் லேடி டாக்டரும் வந்து நின்றார்கள்.

"ஓகே, காக்?" என்றார் இளம் டாக்டர்.

"ஓகே, ஓகே டாக்..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார் அய்யாவு.

"பெலும்!"

இன்னும் இல்லை என்ற அந்த ஒரு மலாய்ச் சொல், கரகரவென்று, பழைய லாரி கிளம்புவது போல வெளியே வந்தது. அவளுடைய பழைய குரல் இல்லை. ஆனால் குரல். அடுத்த கட்டிலில் படுத்திருந்த சீன அம்மாள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரல்.

"இன்னும் ஓகே இல்ல டாக்டர். ஒரு பக்கம் இழுக்குது. கத்துனா என்னாகும்னு தெரியல. எல்லாத்தையும் நானே சொல்றேன்" என்று மலாயில் அடுக்கிவிட்டு, அய்யாவு பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினாள். "நீங்க சும்மா இருங்க."

அய்யாவு சும்மா இருந்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

பயிற்சி செய்தால் இன்னும் தெளியும், தீபாவளிக்கு முன்னால் வாசலில் நின்று கத்தக்கூடாது என்று சொல்லிவிட்டு, பெரிய டாக்டர் ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினார். "மெதுவா ஒரு வாய் குடிங்க, பாப்போம்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யாவு எழுந்து பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அவருடைய வலது கை, தட்டுவதற்குத் தயாராக, அவள் உச்சந்தலைக்கு மேலே உயர்ந்துவிட்டது.

புஷ்பவள்ளி ஒரு வாய் குடித்தாள். நின்றாள். இன்னொரு வாய் குடித்தாள். கிளாஸைக் காலி செய்து கட்டில் மேஜையில் டக்கென்று வைத்தாள்.

"கைய எறக்குங்க" என்றாள். "இனிமே என்னப் பத்தி நானே நெனச்சுக்கிறேன்."